கணக்குத் தெரியாத சிப்

சுகந்தி அக்காவின் வேலை போனதற்குக் காரணம் நான். யுத்தம் அல்ல, பொலிஸ் அல்ல, அவருடைய முதலாளியும் அல்ல… நான்! இத்தனை ஆண்டுகளாக வீட்டில் எல்லோரும் வேறு யார் யாரையோ திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

உங்களிடம் சொல்லிவிட்டால் எனக்கு மனம் ஆறிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆறாது. மூடி மூடி வைத்து எனக்கே என்மேல் எரிச்சல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வவுனியாவில் கொழும்புக்கு வருவதற்கான அனுமதிப் பாஸுக்குக் காத்துக்கிடந்து, ஒருவழியாக வெள்ளவத்தைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். கட்டட வரைபடம் கீறப் படித்தவர். கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு கந்தோரில் வேலை கிடைத்தபோது, அவர் சிரித்ததை அந்த வீட்டில் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம்.

ஆனால் யாழ்ப்பாண அடையாள அட்டையோடு அந்நாளில் காலி வீதியால் போய்வருவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? அதிலும் பல மாடிக் கட்டடம் ஒன்றின் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு! எங்கே குண்டு வெடித்தாலும் முதலில் எங்கள் பைகளைத்தான் திறக்கச் சொல்வார்கள். சோதனைச்சாவடியில் அக்காவை ஏற்கனவே மறித்திருந்தார்கள். தாளை விரித்து, "மே மொனவாத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டு, வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று வீடு வந்தவர் சாப்பிடவில்லை.

முதலாளி நல்ல மனிதர். வீட்டில் ஒரு கணனி இருந்தால் அங்கேயே கீறலாம், வெள்ளிக்கிழமைகளில் கந்தோர் வான் வண்டி வந்து டிஸ்க்கை எடுத்துப்போகும் என்று சொல்லியிருந்தார். அக்காவுக்கு வேறென்ன வேண்டும்? வரைபடத்தைக் காவிக்கொண்டு வீதியில் இறங்கத் தேவையில்லை. ஒரு கணனி இருந்தால் போதும்.

அதைப் பொருத்தித் தரும் பொறுப்பை நான் ஏற்றேன். ஏற்றேன் என்ன, தட்டிப்பறித்தேன்! எங்கேயோ ஒரு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் கணனியைப் பற்றி வாய்கிழியக் கதைக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அந்தப் பெயரை விட எனக்கு மனமில்லை.

அக்காவின் கையிலிருந்த காசுக்குப் புதிய பென்டியம் சிப் போட்ட கணனியை நினைத்தும் பார்க்க முடியாது. அதற்கு முந்திய 486 சிப் போதும் என்று முடிவுசெய்தேன். அந்த முடிவில் பிழையில்லை, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த 486 இரண்டு வகையாக வந்தது. ஒன்றினுள்ளே பெரிய கணக்குகளை விரைவாகப் போடுவதற்கென்று தனியாக ஒரு பகுதி இருந்தது. மற்றதில் அது இல்லை; ஆகவே கொஞ்சம் மலிவு. கடிதம் தட்டச்சுச் செய்பவருக்கு மலிவானதே தாராளம். வரைபடம் கீறுபவருக்கோ அது உதவாது.

எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது!

அக்காவோ கேட்டார்… அதுதான் என்னைத் தின்கிறது. வாய்விட்டுக் கேட்டார்.

"தம்பி, கந்தோரில ஒராள் சொன்னவர், படம் கீறுறதெண்டால் கணக்குப் பாக்கிற பகுதி உள்ள சிப்தான் வேணுமாம். நீ வாங்கப்போறதில அது இருக்கே?"

"அக்கா, கொம்பியூட்டரே கணக்குப் பாக்கிற மெசின்தான். அதுக்குள்ள இன்னொரு கணக்கப்பிள்ளை எதுக்கு?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவும் வெட்கத்தோடு சிரித்தார். அதற்குப்பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

கொட்டாஞ்சேனையில் நிசாம் நானா என்பவர் கந்தோர்கள் கழித்துவிட்ட கணனிகளின் உதிரிப்பாகங்களை விற்றுவந்தார். அவரிடம் இரண்டு வகையும் இருந்தன. நான் மலிவானதைத் தூக்கிக்கொண்டு பெருமையோடு வீடு வந்தேன். மிஞ்சிய காசை அக்காவின் கையில் வைத்தபோது அவர் என் தலையைத் தடவினார்.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்தேன். வரைபட மென்பொருளை ஏற்றினேன். ஓட மறுத்தது. கணக்குப் பகுதியைக் காணவில்லை என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது.

அக்கா குசினியில் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒருவன்தான் அந்த வரியைப் பார்த்தேன். ஆக, முதல் நாளே எனக்குத் தெரியும்! "அக்கா, பிழையாய் வாங்கிப்போட்டன், மாத்திக்கொண்டு வாறன்" என்றால் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? திரையை அணைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நாளைக்கு மிச்ச வேலையைப் பார்ப்பதாகச் சொன்னேன்.

மறுநாள் ஒரு கூட்டாளியிடமிருந்து சின்ன மென்பொருள் ஒன்றை வாங்கிவந்தேன். இல்லாத பகுதியை இருப்பதாகக் காட்டி நடிக்கும் சாமான் அது. அதைப் போட்டதும் வரைபடம் திறந்தது. ஆனால் என்ன வேகம் என்கிறீர்கள்! அக்கா ஒரு சுவரைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்பினால், போய் உலையை வைத்து, அரிசியைக் கழுவிப் போட்டுவிட்டு வரலாம். கோடுகள் ஒவ்வொன்றாக, மனமில்லாமல் வந்து விழும். ஒரு கோடு பிழைத்தால் திரும்பவும் முதலிலிருந்து…

"ஏன் தம்பி இது இப்பிடி நிக்குது?"

"பழைய சாமான் அக்கா. கொஞ்சம் பொறுமையாத்தான் பாவிக்கவேணும்."

பொறுமையாம்! இதை அக்காவுக்குச் சொல்ல எனக்கு என்ன துணிச்சல்! பிறகு மின்வெட்டு வந்தது. மின்சாரம் சீரில்லாததால்தான் கணனி திணறுகிறது என்று புதுக்கதை விட்டேன். அதையும் நம்பினார். கடைசியில் நான் சொன்னதைக் கேளுங்கள்: "நீங்கள் கட்டளைகளை மாறி மாறிக் குடுக்கிறியள் அக்கா, அதுதான் குழம்புது."

அன்றிலிருந்து அக்கா சுட்டு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விசையையும் பார்த்துப் பார்த்து அழுத்தத் தொடங்கினார். எனக்குப் பார்க்கவே பற்றிக்கொண்டு வரும். யார்மேல்? அவர்மேல்தான்! ஏன் இந்த மனுசி ஒருநாளாவது என்னைச் சந்தேகிக்கவில்லை என்று… எப்பேர்ப்பட்டவன் நான், பாருங்கள்.

வெள்ளிக்கிழமை வான் வரும்போது படம் முடிந்திருக்காது. ஒருமுறை, இருமுறை அல்ல, எப்போதும். ஆகவே அக்கா மீண்டும் கந்தோருக்குப் போகத் தொடங்கினார். திரையில் அளவுகளைப் பெரிதாக்கிப் பார்ப்பது பெரும்பாடாக இருந்ததால், அங்கேயே தாளில் அச்செடுத்துக்கொண்டு வந்தார். எந்தத் தாளைக் கையில் எடுக்காமலிருக்க இந்தக் கணனியை வாங்கினாரோ, அதே தாள்!

ஒருநாள் மாலை அவர் திரும்பி வரவில்லை.

சோதனைச்சாவடியில் பையைத் திறந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பெண், கொழும்புக் கட்டடத்தின் வரைபடம், நாலைந்து டிஸ்க்குகள். ஜீப்பில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மாதான் அலைந்தார். இளந்தாரிப் பையன் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று என்னை வீட்டில் இருத்திவிட்டார். நானும் இருந்தேன்… நல்லபிள்ளையாக.

மறுநாள் காலை என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மலிவான சிப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். ஒரு பிஸ்கட்டளவுச் சாமான்தான் அது. வழியில் யாரும் அதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை.

நிசாம் நானா அதைத் திருப்பிப் பார்த்தார்.

"படம் கீறவா? இது சரிவராதே. அப்பவே கொண்டு வந்தீந்தா மாத்தித் தந்தீப்பேன் தானே, தம்பி? வித்தியாசத்த மட்டும் குடுங்க."

அந்த வித்தியாசக் காசு என் சொந்தப் பொக்கற்றிலேயே இருந்தது. வீடு வந்து மாற்றிப் போட்டேன். ஜம்பர் என்ற சின்னச் செருகி ஒன்றை இடம் மாற்றவேண்டியிருந்தது, வேறொன்றுமில்லை. அம்மா பொலிஸ் நிலைய வாசலில் நின்று முடிப்பதற்குள் என் வேலை முடிந்துவிட்டது.

பின்னேரம் முதலாளி கடிதம் கொண்டுபோய்ப் பொறுப்பெடுத்து அக்காவை மீட்டுவந்தார். காரில் வரும்போதே, மரியாதையாகத்தான், சொல்லியிருக்கிறார்: படங்கள் எப்போதும் பிந்துகின்றன, இனிமேல் இது சரிவராது.

அக்கா குளித்துவிட்டு வந்து, ஏதோ பழக்கத்தில் கணனியின் முன்னால் இருந்தார். அந்தக் கட்டடத்தைத் திறந்தார். சுவரைப் பெரிதாக்கினார். கண்மூடித் திறப்பதற்குள் சுவர் வந்து நின்றது. அடுத்த சுவர். மாடிப்படி. கதவு. ஒவ்வொன்றும் கேட்டவுடன் வந்தது.

"என்ன செய்தனி, தம்பி?"

சொல்லியிருக்கலாம்! அந்த நிமிடம்தான்… இனி மறைத்து எனக்கு ஆகப்போவது என்ன?

"வைரஸ் ஒண்டு இருந்தது அக்கா. துடைச்சு விட்டிட்டன்."

அவர் அழத் தொடங்கினார். பொலிஸ் நிலையத்திலிருந்து வந்து அழாதவர், அப்போது அழுதார்.

"அப்ப பிழை என்னில இல்லையே? நான்தானே அவருக்கு என்ர வாயால சொன்னனான், எனக்குக் கை வேகம் காணாது, அதுதான் பிந்துது எண்டு… தம்பி, நீ நாளைக்கு என்னோட ஒருக்கா வந்து, மெசின்லதான் பிழை எண்டு அவருக்குச் சொல்லுவியே? நீ சொன்னா நம்புவார்."

சொன்னால் நம்பியிருப்பார். நல்ல மனிதர் என்றேனே. ஆனால் அவருடைய கந்தோரில் கணனி தெரிந்தவர்கள் இருந்தார்கள். என்ன வைரஸ், எப்படித் துடைத்தாய் என்று ஒரு கேள்வி கேட்டால் நான் அகப்பட்டுக்கொள்வேன்.

"வேண்டாமக்கா. வைரஸ் எண்டால் தங்கட டிஸ்க்கெல்லாம் எங்களாலதான் கெட்டதெண்டு சண்டைக்கு வருவினம். விடுங்கோ."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார் அக்கா. கணனியை அணைத்து, அதன்மேல் துணியைப் போட்டு மூடினார்.

இப்போது கனடாவில் இருக்கிறார். ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். பேசும்போதெல்லாம் என் சுகம் கேட்பார். என் மகள் கட்டடக்கலை படிக்கிறாள். போனமாதம் தொலைபேசியில், தான் கீறிய படம் ஒன்றை அனுப்பவா, பார்த்துச் சொல்வீர்களா என்று அவரிடம் ஆசையாகக் கேட்டாள். ஒலிபெருக்கியில்தான் போட்டிருந்தாள்.

"ஐயோ, என்னட்டைக் கேக்காதை பிள்ளை. எனக்கு அந்த வேலை சரிவரேல்லை. நான் கை மெதுவான ஆள்… கொப்பாட்டைக் கேள், அவருக்குத் தெரியும்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உண்மையாவே மாமி அவ்வளவு ஸ்லோவா அப்பா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.