இடப்பக்க ஸ்டியரிங்கும் என் தலையாட்டலும்

என் கணவர் ஆசையாக வாங்கிய பழைய அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமானால், எதிரே ஏதும் வருகிறதா என்று வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அரியமங்கலம் பட்டறையில் லாரியின் டீசல் இன்ஜினை அதில் மாட்டிய பிறகு, இரைச்சலில் பேச்சே கேட்காது. போகலாம் என்றால் தலையாட்டுவேன்.

துறையூரில் நாள் முழுக்கக் கல்யாண வேலை பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் திரும்பினோம். வைக்கோல் வண்டிக்குப் பின்னால் வந்தபோது, "போலாமா?" என்று கத்தியிருக்கிறார். நான் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். தலை ஆடியதும் காரை வலப்பக்கம் ஒடித்துவிட்டார். எதிரே பஸ்! வலப்பக்க வயலில் இறக்கித்தான் தப்பித்தோம்.

"நீதானே தலையாட்டினே?" என்றார்.

"தூங்கிட்டேங்க."

இப்போதெல்லாம் பின்சீட்டில் படுத்துவிடுகிறேன். அவ்வளவு பெரிய இன்ஜின், மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே உறுமிக்கொண்டு வருகிறது.