எண்ணெயைக் கண்டு பயப்படும் நகம்

சுரங்கத்து டவுன்ஷிப் கடைத்தெருவில் இருக்கிற அந்தப் பியூட்டி பார்லருக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. என் மருமகள்தான் கூட்டிக்கொண்டு போனாள். ஜெல் நகம் என்று ஒன்று வந்திருக்கிறதாம், பூசினால் வாரக்கணக்கில் நிற்குமாம். அந்தத் தொழிலை வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். பாதியைப் போனில் படம் பார்த்துக் கற்றுக்கொண்டாள். மீதியை நேரில் பார்ப்பதற்கு யாருடைய கையாவது வேண்டும். என் கை கிடைத்தது.

“அத்த, நீங்க சும்மா கைய நீட்டிகினு உக்காருங்க. அந்தப் பொண்ணு என்னா செய்யுதுன்னு நான் நின்னு பாத்துக்கறேன்.”

“உன் கைய நீட்டேன்டி.”

“என் நகத்துல நானே போட்டது இருக்குதே. பாத்தா தொழில் திருட வந்தவன்னு வெளிய அனுப்பிடுவாங்க.”

அங்கே இருந்த பெண் என்னை மேம் என்றாள். எழுபது வயதுக்கு மேல் மேம் ஆனேன். கையைத் துணியில் கிடத்தி, நகத்தை அராவி, ஓரத்துத் தோலைக் குச்சியால் தள்ளி, ஏதோ ஸ்பிரிட்டால் துடைத்து, பசை மாதிரி ஒன்றைப் பூசினாள். பூசிவிட்டு எலிப்பொறி போல ஒரு பெட்டிக்குள் விரலை விடச் சொன்னாள். உள்ளே நீல விளக்கு எரிந்தது. நகம் சுருக்கென்று சுட்டது. மறுபடியும் பூசினாள், மறுபடியும் பொறி. நாற்று நட்ட கை இது. மண் சுமந்த கை. அதை ஒரு பெட்டிக்குள் விட்டுக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் பார்த்தால் பத்து விரலிலும் மிட்டாய் ஒட்டியது போல இருந்தது.

“சூப்பரா இருக்கு மேம்” என்றாள் அந்தப் பெண்.

“யாருக்கு?” என்றேன்.

மருமகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

அவள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பண்ருட்டிப் பக்கம் முந்திரி கம்பெனியில் கொட்டை உடைத்தவள். கொட்டைத் தோலின் சாறு பட்டுப் பட்டு அவள் நகமெல்லாம் கறுத்துவிட்டது. எந்த சோப்புக்கும் போகாது. நல்லது கெட்டதுக்குப் போனால் முந்தானைக்குள் கையை வைத்துக்கொள்வாள். எனக்கு அது பிடிக்காது. வேலை செய்த கறைக்கு என்ன வெட்கம்? திருடின கையா? பல தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் ஒரு நாள் நகத்தையெல்லாம் ரோஜா நிறத்தில் மூடிக்கொண்டு வந்து நின்றாள். அன்று முதல் அந்த விளக்குதான் அவளுக்குக் குலதெய்வம்.

என் மகனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவன் அப்பா மாதிரி பெர்மனென்ட் இல்லை. பெண்டாட்டி விளக்கும் புட்டியுமாக வாங்கி அடுக்கியதில் அவனுக்கு எரிச்சல். நகம் பூசிக்கொள்ளக் குள்ளஞ்சாவடியிலிருந்து ஒரு கல்யாணப் பெண் வரப்போகிறாள் என்று தெரிந்ததும் கறாராகச் சொல்லிவிட்டான்.

“இந்த ஒரு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சா வச்சிக்க. இல்லன்னா எல்லாத்தையும் வித்துட்டு பழையபடி கம்பெனிக்குக் கெளம்பு.”

அந்த வாரம் முழுவதும் என் விரல்தான் அவளுக்குச் சிலேட்டு. பார்லரில் போட்டதைப் பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றி ஊறவைத்து உரித்தாள். திரும்பப் பூசினாள். பிடிக்கவில்லை என்று அதையும் உரித்தாள். நான் சோறு பிசைவதற்கும் அவளிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

கல்யாணப் பெண் ஒரு மத்தியானம் வந்தாள். ஒல்லியான பெண். கையை மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். மருமகள் அந்தக் கையை எடுத்து வைத்து, ஒன்றும் கேட்காமல் அராவத் தொடங்கினாள். நான் எட்டிப் பார்த்தேன். நகமெல்லாம் கறுப்பு. இவளும் கொட்டை உடைக்கிற வீட்டுப் பெண்தான். மாப்பிள்ளை வீடு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிற பெர்மனென்ட் வேலைக் குடும்பமாம். அவர்களுக்கு முன்னால் இந்த விரலை நீட்டக் கூசுகிறாளாம். நல்ல கதை. சோறு வேண்டும், அதைச் சம்பாதித்த விரல் வேண்டாம்.

நகத்தையெல்லாம் துடைத்து முடித்த நேரம் என் மகனிடமிருந்து போன் வந்தது. “எதையும் தொடாத கண்ணு, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு மருமகள் கொல்லைப் பக்கம் போனாள். அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆனால் கல்யாணம் வைத்திருக்கிற பெண் முதல்முதலாக வீட்டுக்கு வந்திருக்கிறாள். அப்போதுதான் அறுத்த பலாப்பழம் பாதி இருந்தது. பேப்பரை விரித்து அவள் முன்னால் வைத்தேன், பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணியையும் வைத்தேன். எங்கள் பக்கத்தில் சுளையைப் பிய்த்துத் தட்டில் வைத்து நீட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. பழத்தைச் சுற்றி உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவரவர் பிய்த்துத் தின்ன வேண்டும்.

“வேணாங்க ஆயா.”

“என்னா வேணாம்? கல்யாணப் பொண்ணு வெறும் வாயோட போனா எனக்குத்தான் அசிங்கம். எடு.”

எடுத்தாள். நன்றாகவே தின்றாள். மருமகள் வருவதற்குள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பழையபடி உட்கார்ந்துகொண்டாள். மருமகள் வந்து பூசினாள், பொறிக்குள் விட்டாள், மினுமினுவென்று அனுப்பிவைத்தாள்.

ரிசப்ஷன் அன்று காலையில் பெண்ணின் அம்மா போன் செய்தாள். போனைக் காதில் வைக்கத் தேவையே இல்லை, தெருவுக்கே கேட்டது.

“வாரக்கணக்குல நிக்கும்னு சொன்னியேம்மா, மூணு வேள சோறு திங்கறதுக்குள்ள உரிஞ்சி வருது! பாம்புகூட இவ்ளோ சீக்கிரம் சட்ட உரிக்காது.”

மருமகள் விளக்கையும் புட்டிகளையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நானும் கிளம்பினேன். இந்த வித்தை எப்படிக் கவிழ்கிறது என்று பார்க்க வேண்டாமா?

மண்டபத்தில் மணப்பெண் அறை வாசலிலேயே அந்த அம்மாள் கதவை மறித்தாள். “டவுன்ஷிப் பார்லருலேந்து வேற ஆள வரச் சொல்லிட்டோம். நீ எதுக்கு வந்த?”

“ஒரு தடவ கைய மட்டும் பாத்துட்டுப் போயிடறேங்க.”

பெண் எழுந்து வந்து கையை நீட்டினாள். பாதி விரலில் பூச்சு தூக்கிக்கொண்டு நின்றது. ஓரத்தில் கறுப்பு தெரிந்தது. மருமகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நான் தொடச்சதுக்கப்புறம் கையில எதுனா பட்டுச்சா?”

பெண் என்னைப் பார்த்தாள். “ஆயா பலாப்பழம் குடுத்தாங்க. எண்ண தடவிகினு தின்னேன். பெரியவங்க குடுக்கறப்ப எப்படிக்கா வேணாங்கறது?”

“எண்ணப் பசை இருந்தா பூச்சு எப்படி ஒட்டும்?” என்றாள் மருமகள். அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையைக் குனியவில்லை. “எண்ண தொடாம பலாப்பழம் திங்கறவங்க எந்த ஊருல இருக்காங்க? எண்ணயக் கண்டா கழண்டுக்கற நகத்த வச்சிகினு நாளைக்கி ஒரு அப்பளம் பொரிக்க முடியுமா?”

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. “அதெல்லாம் இருக்கட்டும். பார்லர் ஆளு வந்துகினு இருக்குது.”

அப்போது அந்தப் பெண் கையை இழுத்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். “அந்த ஆளுகிட்ட நான் கைய நீட்ட மாட்டேம்மா. போன மாசம் போனப்ப, நகம் ஏன் இப்படி இருக்கு, வியாதியான்னு எல்லாரு காதுலயும் விழற மாதிரி கேட்டாங்க. இந்த அக்கா எதுவுமே கேக்கல. இவங்களே போடட்டும்.”

அந்த அம்மாள் கதவை விட்டு விலகினாள். அவள் விரலையும் அப்போதுதான் பார்த்தேன். பெண்ணின் நகத்தை விடக் கறுப்பு.

மருமகள் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, எல்லார் முன்னாலும் சொன்னாள். “அத்த, நீங்க வெளிய போயி உக்காருங்க. முடியறவரைக்கும் உள்ள வரக் கூடாது.”

இத்தனை வருஷத்தில் என்னை வெளியே உட்காரச் சொன்ன ஆள் கிடையாது. மாமியார் சொன்னதில்லை, புருஷன் சொன்னதில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவள் அதற்குள் குனிந்து, அந்தப் பெண்ணின் விரலில் பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றத் தொடங்கிவிட்டாள். போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் பெண் மேடையில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் விரலை விரித்து விரித்துக் கும்பிட்டாள். ஒன்றும் உரியவில்லை. நான் பந்தியில் இருந்தபோது இரண்டு மூன்று பேர் வந்து மருமகளின் நம்பர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, அவளையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள், “இனிமே கஸ்டமரு வந்தா பழம் குடுக்காதீங்க அத்த” என்றாள்.

“வூட்டுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பச் சொல்றியா?”

“குடுங்க. அவங்க கையில படாம குடுங்க.”

விளக்கு விற்கப்படவில்லை. என் மகனும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. முந்திரி உடைக்கிற பெண்களாக வருகிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது ஒன்று. கழுதை மாதிரி வளர்ந்தவளுகள் எலிப்பொறிக்குள் கையை விட்டுக்கொண்டு, வாயை ஆவென்று திறந்து உட்கார்ந்திருக்கிறாளுகள். நான் எண்ணெய் தடவிக்கொண்டு, கொட்டையை எடுத்து, ஒவ்வொரு சுளையாக அந்த வாயில் போடுகிறேன். கண்றாவி.