இரண்டு பேருக்கான சத்துமாவு

எங்கள் ஒருரோ நகரத்து வாத்தியக் குழுவில் எலேத்தேரியோ டிரம்பெட், நான் பெரிய மேளம். வேலை பார்த்த சுரங்கம் மூடியபோது இரண்டு வருடம் குடியில் கிடந்தவரை எழுப்பி உட்கார வைத்தது அந்த டிரம்பெட்தான். அறுபத்தாறு வயதில் அவருடைய முன்பற்கள் ஆட ஆரம்பித்தன. வாயில் வைத்து அழுத்தினால் கண் கலங்கும், சுரம் பிசிறும்.

"அண்ணே, பேசாம மேளத்துக்கு வந்துடுங்க," என்றேன்.

"அவ்வளவு மந்தம் ஆகலடா இன்னும்."

அந்த வருடம் சுகாதார நிலையத்தில் வயதானவர்களுக்கு மாதம் ஒரு டப்பா சத்துமாவும் கால்சியம் மாத்திரையும் கொடுத்தார்கள். எலும்புக்கும் ஈறுக்கும் நல்லது, பல் விழுவதைத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். எலேத்தேரியோவின் மனைவி நிக்கோலாசா இருவர் பங்கையும் வாங்கி வருவாள்.

ஒரு நாள் காலையில் ஒத்திகைக்கு அவரை அழைக்கப் போனேன். அடுப்பங்கரையில் அவள் இரண்டு டப்பாவிலிருந்தும் மாவை அள்ளி, ஒரே குவளைச் சோளக்கஞ்சியில் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு?"

"நான் என்ன டிரம்பெட்டா ஊதப்போறேன்? பேச நாக்கு போதும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஊதுறது நின்னா மறுபடி குடிக்கப் போயிடுவாரு. நீ வெளியில சொல்லாத."

நான் சிரித்தேன். சொல்லவும் இல்லை.

பல் மருத்துவர் அவர் பற்களுக்குக் கம்பியும் கட்டினார். எது காப்பாற்றியதோ, எலேத்தேரியோவின் பற்கள் நின்றன. நிக்கோலாசாவுக்கு இரண்டு வருடத்தில் ஒன்பது பல் போனது. இறைச்சியை விட்டாள். ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்துத் தின்றாள். உடம்பு துரும்பாகிவிட்டது.

"எங்க வீட்டுல ஒரு கைக்குழந்தை இருக்கு," என்று விருந்துகளில் எலேத்தேரியோ கேலி செய்வார். அவள் சால்வையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம்.

எங்கள் மலையூரில் ஜூன்தான் கடுங்குளிர் மாதம்; முற்றத்துக் குழாயடியில் உறைந்திருந்த பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, பதினோராம் நாள் போய்விட்டாள்.

மாவு வாங்கும் அவளுடைய அட்டையைச் சுகாதார நிலையத்தில் திருப்பிக் கொடுக்கப் போன எலேத்தேரியோவிடம் நர்ஸ், "மாவை ஒழுங்காக் குடிச்சாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"அவ குடிச்சு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. நீ பார்த்தியா?"

"இல்லண்ணே. அவங்க பங்கையும் உங்களுக்குத்தான் கலந்தாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எல்லார் முன்னாலயும் கேலி பண்ணேன்டா. நீயும் பக்கத்துல நின்னு சிரிச்ச."



அடுத்த கார்னிவல் ஊர்வலத்துக்குச் சீருடை போட்டு வந்து வரிசையில் நின்றார். முதல் பாட்டில் பாதி ஊதினார், நன்றாகவே ஊதினார். பிறகு டிரம்பெட்டை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோயில் வரைக்கும் எங்களோடு சும்மா நடந்தார்.

குடிக்கப் போகவில்லை. பொத்தோசியில் மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு முறை போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். "அப்பா பேசமாட்டேங்கிறாரு, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.