காத்துதானாம்

என் கணவருக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வந்ததும் கிளினிக்கில் தினமும் நடக்கச் சொன்னார்கள். அவருக்கு நடை என்றால் எங்கள் மலையூரான தானா ராத்தா டவுனில் கடைக்குக் கடை நின்று பேசுவதுதான். அதனால் விடிந்ததும் நானே எழுப்பி, தேயிலைக்காட்டுக்கு ஏறும் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவேன். வேலைக்காலம் முழுக்க டீ பேக்டரியில் அடுப்புப் பக்கமே நின்றவர். இந்த மலையில் பிறந்தவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், குளிருக்கு அப்படி முணுமுணுப்பார்.

முதலில் மூக்கு எரியும். காது வலிக்கும். விரல் மரத்துப்போய் சுவெட்டர் ஜிப்பைக்கூடப் பிடிக்க முடியாது. குளிரில் நடந்தால் மூத்திரம் வேறு முட்டிக்கொண்டு வரும்; அவர் செடி மறைவுக்கு ஓடுவார், நான் ரோட்டில் காவல் நிற்பேன். கொஞ்ச தூரம் போனதும் உள்ளே சூடு பிறக்கும். முகம் சில்லென்று இருக்க, முதுகு மட்டும் நனைந்திருக்கும். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வேர்க்கவே இல்ல, இது என்ன நடை?" என்று அலுத்துக்கொள்வார்.

மழை மாதத்தில் மேடு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். நின்றால் சரியாகிவிடும், ஏறினால் மறுபடி இறுக்கும். நான் விடவில்லை, கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கூட்டமாக இருந்ததால் அவர் மட்டும் உள்ளே போனார். புதிதாக வந்திருந்த இளம் மலாய்க்கார டாக்டர். வெளியே வந்தபோது இவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல்.

"அங்கின்தானாம். காத்துதான், நான் அப்பவே சொன்னேன்லா."

மலாயில் அங்கின் என்றால் காற்று. எங்கள் வீட்டில் வயிறு உப்பினாலும் அங்கின், தோள் பிடித்தாலும் அங்கின்.

"வேற என்ன சொன்னாரு?"

"குளிர் ஆகாதுன்னாரு. கீழ ஈப்போ டவுன் பெரிய ஆஸ்பத்திரியில சோதனைக்குத் தேதி வருமாம்."

இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சோதனை வராமல் இருந்தால்தான் அதிசயம். குளிர் ஆகாது என்றதால் சுவெட்டருக்கு மேல் இன்னொரு சுவெட்டர் போட்டுக்கொண்டார், காதைத் துண்டால் கட்டிக்கொண்டார். வேர்த்தால் காற்று இறங்கிவிடும் என்று வேகத்தையும் கூட்டினார். எனக்கு மூச்சு வாங்கும். திரும்பிப் பார்த்து, "என்னா, கெழவியாயிட்டியா?" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு காலை மேட்டின் பாதியில் ரோட்டோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காய்கறி லோரிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கே தமிழ்ப்பெண் ஒருத்தி டாக்டராக இருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கிளுக்கு முன்ன ஏதும் நோய் இருந்துச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"இனிப்பு நீர் மட்டும்தான்மா. நெஞ்சுல வந்தது அங்கின்னு டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாரு."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "அங்கினான்னு சொன்னாரா?"

"ஆமா. காத்து."

பேனாவை மூடி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அங்கினா என்பது இருதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலிக்கு டாக்டர்கள் வைத்த பெயராம். குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்குமாம். அப்போது மேடு ஏறினால் இருதயம் இரண்டு பங்கு உழைக்க வேண்டுமாம். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னப் பெண், அவள் கண் கலங்கியிருந்தது.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஊசி போடப் போனால்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிற மனிதர். இருதயம் என்று மட்டும் அவர் காதில் விழுந்திருந்தால் வாசலைத் தாண்டியிருக்கமாட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் பயமில்லாமல் எனக்கு முன்னால் நடந்தது அந்தச் சில வாரங்கள்தான்.