குறுக்கே பேசாதவள்

என் அக்கா ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசியில் பதில் சொல்லிவந்தவள். எவ்வளவு திட்டினாலும் குறுக்கே பேசாமல் கேட்பதே அவளது முறை. வேலை வெளிநாட்டுக்குப் போனபோது, அங்குள்ள ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அதைக் கற்றுக்கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் தருவதாக மேலாளர் எழுதினார். அந்த மின்னஞ்சல் எங்களிடம் இருக்கிறது. கற்றுக்கொடுத்தாள். சான்றிதழ் வரவில்லை, அது இல்லாமல் வேறு வேலையும் கிடைக்கவில்லை.

நேற்று அதே பிரிவை அழைத்துப் பொரிந்து தள்ளினாள். மறுமுனையில் சத்தமே இல்லை.

"என்னம்மா, தூங்கிட்டியா?"

"இல்லக்கா. குறுக்க பேசாதேன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

அக்காவுக்குக் குரல் பிடிபட்டது. "நீயா! என் சான்றிதழ் என்னாச்சு?"

"தெரியலக்கா. எங்க வேலையும் இப்ப வேற நாட்டுக்குப் போகுது. புது ஆளுக்குக் கத்துக்கொடுத்தா எனக்கும் சான்றிதழ்..."

அக்கா குறுக்கிட்டாள். "மொதல்ல அத கையில வாங்கு. அப்புறம் வாயத் திற."