நான் வெட்டிய இருமல்கள்

என் கணவரின் நோயை டாக்டருக்கும் முன்பே காதால் கேட்டவள் நான்தான். கேட்டதோடு நிற்காமல் அதை வெட்டியும் எறிந்தேன்.

நாங்கள் ஒரு சின்ன சமுதாய வானொலிக்கு நிகழ்ச்சி செய்துவந்தோம். அவர் எழுதிப் பேசுவார். நான் கணினியில் ஒலியைத் திருத்துவேன். அந்த வருடம் ஒரு வாரத்துக்கு நாளுக்கு ஒன்றாக ஏழு ஆவண நிகழ்ச்சிகள் கேட்டிருந்தார்கள். பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்களின் கதை, உள்ளாட்சித் தேர்தலில் நின்ற பெண்கள், தெருக்கூத்து என்று போய், கடைசி நாளுக்கு மேட்டூர் அணையில் மூழ்கிய ஊர்கள். சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில்தான் பதிவு. பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை காத்திருப்போம்.

இரண்டாவது நிகழ்ச்சியிலேயே அவர் குரல் கரகரத்தது. மைக்கில் கோளாறு என்று மைக்கை மாற்றினேன். பிறகு செருமலையும் இருமலையும் ஒவ்வொன்றாக வெட்டி, இடம் அடைக்கிறதென்று அழித்தும் விட்டேன். வானொலி நிலையத்தில் மாதிரி கேட்டவர்கள், "சார் குரல் கணீர்னு இருக்குதுங்க" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எத்தனை நாளா குரல் இப்படி இருக்கு?" என்று தொண்டை மருத்துவர் கேட்டபோது, "ஒரு மாசம் இருக்குமுங்க" என்றார் அவர். வீட்டுக்கு வந்து கணினியில் அந்த இரண்டாவது நிகழ்ச்சியின் தேதி பார்த்தேன். முதல் செருமலை வெட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"நான்தானுங்க வெட்டி வெட்டி மறைச்சுட்டேன்" என்று அழுதேன்.

"தொண்டை என்னுதுதானே? கொடிக்கால்ல சுத்துன தூசின்னு நானும் இருந்துட்டேன். உடு கண்ணு" என்றார்.

பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்றது. குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும், பேச்சு போய்விடும் என்றார் மருத்துவர். முன்னமே வந்திருந்தால் குரல் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலோடுதான் இன்றுவரை குடித்தனம் நடத்துகிறேன்.

ஏதாவது பதிந்துகொள்வதென்றால் இந்த வாரத்துக்குள் பதிந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னேன். இவரோ மேட்டூர் நிகழ்ச்சியின் தாள்களை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தார்.

"ஊட்டு நெனப்பே இல்லீங்களா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"ஊரைப் பறிகுடுத்த குடும்பத்துக்காரங்க என்னை நம்பிச் சொன்னது இது. பாதில உட்டா அவுங்க வாயையும் அடைச்ச மாதிரி ஆயிரும்" என்றார்.

கோபம் அடங்காமலே பதிவை ஓடவிட்டேன். இருமி இருமிப் படித்து முடித்தார். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போதுமா கண்ணு?" என்றார். பதிவு ஓடும்போது நான் வாய் திறப்பதில்லை. இருபது வருடப் பழக்கம். தலையை மட்டும் ஆட்டினேன்.

அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் இருந்தபோது அந்த வாரம் ஒலிபரப்பானது. அவர் கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை. இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு ஆறு நாள் கேட்டோம். ஆறாம் நாள் சிலேட்டில் எழுதினார்: "யாரு இவன்? ரொம்பச் சுத்தமா இருக்கான். நாளைக்குப் போறதுல ஒண்ணும் வெட்டாதே."

ஏழாவது நிகழ்ச்சியை இருமலோடும் மூச்சிரைப்போடும் அப்படியே அனுப்பினேன். கடைசிக் கேள்வியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். அதை அழிக்கவில்லை.

எட்டு மாதத்தில் நோய் நுரையீரலில் தலைகாட்டியது. அப்புறம் அதிக நாள் இல்லை. வீட்டில் யாருக்காவது குரல் கரகரத்து மூன்று வாரம் தாண்டினால், காரணம் தேடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். என்னைப்போல் மைக்கை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

இப்போதெல்லாம் என் செருமல் கேட்டே நான் திடுக்கிடுகிறேன். நாள் கிழமை நினைவில் நிற்பதில்லை. வெட்டி வைத்த அந்தக் கேள்விப் பதிவின் நீளம் மட்டும் தெரியும்: கேள்வி ஒரு விநாடி, பிறகு நாலு விநாடி சத்தமே இல்லை. நான் தலையாட்டிய நேரம் அது. தலையாட்டல் பதிவில் விழாது. கேட்பவர்களுக்கு, அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லாத மாதிரிதான் இருக்கும்.

தினமும் அதைப் போடுகிறேன். "போதுமா கண்ணு?" என்கிறார். அந்த நாலு விநாடிக்குள் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

"போதாதுங்க."