ஆறு சாண் கிழக்கே

முகப்பவுடர் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ஒரு சுவர்தான் நினைவுக்கு வருகிறது. ராஜபாளையத்தில் நாங்கள் வீடு கட்டிய வருஷம், குழாய்க்குள் வயர் வழுக்கிக்கொண்டு போவதற்காக எலக்ட்ரீசியன் குருசாமி அண்ணன் அதன்மேல் பவுடரைத் தடவுவார். ஒரு முனையில் அவர் வயரை இழுத்துச் செல்லும் "ஸ்பிரிங்" கம்பியைத் தள்ள, மறுமுனைப் பெட்டியில் அதன் தலை எட்டிப் பார்க்கும்வரை நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு, உள்ளே ஊர்ந்து போகும் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"சுவிட்சுக்கு நேர் மேல எப்பவும் குழாய் ஓடும், அங்கன ஆணி அடிச்சிராதிய" என்பார். எல்லாச் சுவருக்கும் அது சரி. குளியலறைக்குப் போகும் நடையில் மட்டும், குறுக்கே கான்கிரீட் வந்துவிட்டதால், ஹீட்டருக்கான குழாய் கிழக்கே கொஞ்ச தூரம் போய்த்தான் மேலே ஏறியது.

ராணுவத்திலிருந்த அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் ஒன்றையே எழுதுவார்: "பூசுறதுக்கு முன்ன குழாய் போற வழிய அளந்து எழுதி வை." பூச்சு வேலைக்கு ஆள் வரும் காலையில்தான் அம்மாவுக்கு அது ஞாபகம் வந்தது. அளவு டேப்போ குருசாமி அண்ணனோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, ஒரு பால்கோவா கடை வேலைக்குப் போய்விட்டது. சுவர் நனைத்து நனைத்து அம்மாவின் விரல்களைச் சிமெண்ட் தின்றிருந்தது. "ஏட்டி, உன் கையால அள" என்றாள்.

கதவு வைக்காத ஜன்னல் வழியாக மலைக்காற்று வீடு முழுக்கத் திரிந்துகொண்டிருக்க, ஒன்பது வயதுக் கையை விரித்துச் செங்கல்மேல் சாண் சாணாக நான் நகர, துணி சுற்றிய விரல்களில் பென்சிலை இடுக்கிக்கொண்டு அவள் ஒரு பால்கோவா பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் குழாய்கள் எல்லாம் பூச்சுக்குள் மறைந்துவிட்டன. வெகுநாள் வரை எனக்கு மட்டும் அவை தெரிந்துகொண்டேயிருந்தன.

போன மாதம், அந்த வீட்டில் இப்போது தனியாக இருக்கும் அம்மா அதே நடையில் இரண்டாம் முறை விழுந்தாள். பிடித்து நடக்க ஒரு கம்பி வைக்க முடியாவிட்டால் மதுரைக்கு என்னோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கம்பி வைக்க வந்தவரோ, "வயர் எங்கன ஓடுதுன்னு தெரியாம டிரில் வைக்க மாட்டேன்க்கா" என்று கையைக் கட்டிக்கொண்டார். பீரோவைக் குடைந்து அந்தப் பால்கோவா மூடியை எடுத்தேன். "நடை: சுவிட்சிலிருந்து கிழக்கே ஆறு சாண், பொறவு மேலே." பெருமையாக அளந்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அதிலிருந்து சுவிட்ச் பக்கமாக ஒரு சாண் தள்ளித் துளை போடச் சொன்னேன்.

டிரில் சுவரைத் தொடப்போன நேரத்தில் அம்மா, "செத்த நேரம் பொறுப்பா" என்றாள். சுவரைப் பிடித்தபடி வந்து, கையை விரித்தாள்; விரித்தவள் சுண்டுவிரலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். "அன்னைக்கு இவ கை இம்புட்டுதான்." அந்தச் சிறிய சாணால் ஆறு முறை அளந்து, ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

கம்பி வைக்க வந்தவர் ஹீட்டரைப் போடச் சொல்லிவிட்டு, "ரெண்டுல எதுன்னு இது சொல்லிரும்க்கா, கரண்டு ஓடுற எடத்துல உறுமும்" என்று பையிலிருந்த பழைய ரேடியோவை ஸ்டேஷன் கிடைக்காத இடத்தில் திருப்பி, சுவரோரமாக நகர்த்தினார். என் கோட்டில் வெறும் இரைச்சல்தான். அம்மாவின் விரலருகே அது உறுமியது. நான் துளை போடச் சொன்ன இடமும் அதுதான். என் கோட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்தேன்.

கம்பி இப்போது வேறிடத்தில், நல்ல உறுதியாக இருக்கிறது. வீட்டில் எதுவும் பெரிதாக மாறிவிடவில்லை; அந்த ஒன்பது வயதுக் கைதான் இல்லை, அது எப்போது வளர்ந்தது என்றுகூட நான் கவனித்ததில்லை. அம்மா அதன் அளவை இத்தனை வருஷமும் தன் விரல்களுக்குள் வைத்திருந்திருக்கிறாள். மதுரைப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை.